பந்து விழுந்த இடம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக ஒரு பொருள் உள்ளே வந்தால், பழையது ஒன்று வெளியே போக வேண்டும். மந்தைவெளியில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, அதற்கு மேல் இடம் கிடையாது. சட்டம் போட்டவள் நான். புதுப் புடவை வரும் அன்று மட்டும் அந்தச் சட்டம் தூங்கப் போய்விடும் என்று இவர் சொல்வார். இவர் என்றால் என் கணவர்.

போன வருஷம் கோடை ஆரம்பிக்கும்போது இவர் டிவியைக் குறை சொல்லத் தொடங்கினார். படம் மங்கிவிட்டதாம். செய்தி வாசிக்கிற பெண்ணின் முகமே தெரியவில்லையாம்.

"எனக்கு அவ மூக்குத்திகூடத் தெரியறது" என்றேன்.

"உனக்குத் தெரியும். நடுவுல பாரு, அழிஞ்ச மாதிரி இருக்கு."

நான் நடுவில் பார்த்தேன். அழியவில்லை. ஒன்பது வருஷமாக ஒழுங்காக ஓடுகிற டிவி. இவருக்குப் பெரிய டிவி மேல் ஆசை வந்துவிட்டது, அதை நேராகச் சொல்லத் தெரியாமல் பழையதன் மேல் பழி போடுகிறார் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டினதோடு நிற்கிற வாயா என்னுடையது? "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றும் சொல்லிவைத்தேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆட்டம் என்று ஒன்று இவருக்கு இருந்தது, கோல்ஃப். டயர் கம்பெனியில் அதிகாரியாக இருந்த காலத்தில் நந்தனம் பக்கம் ஒரு மைதானத்தில் உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். நாற்பது வயதில் பிடித்த பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் கிளம்பிவிடுவார். பதினான்கு மட்டைகள் கொண்ட பை ஒன்று ஹாலில் ஜன்னலோரம், எங்கள் வீட்டிலேயே காற்று நன்றாக வருகிற இடத்தில் நின்றுகொண்டிருக்கும். எனக்கு அது சக்களத்தி. என் முழங்கால் வலிக்குக்கூட அவ்வளவு பணிவிடை நடந்ததில்லை. ஈரத் துணியால் துடைப்பதென்ன, உறை போடுவதென்ன.

டிவி பற்றிப் புலம்ப ஆரம்பிப்பதற்கு நாலு மாதம் முன்பே இவர் விளையாடப் போவதை நிறுத்தியிருந்தார். முதுகு வலி என்றார். நானும் நம்பி, தினமும் சாயங்காலம் தைலம் தேய்த்துவிட்டேன். குப்புறப் படுத்துக்கொண்டு பேசாமல் தேய்த்துக்கொள்வார். இரண்டு பாட்டில் தீர்ந்தது.

ஆகவே டிவி பேச்சு மறுபடி வந்தபோது நான் சட்டத்தை எடுத்தேன். "புது டிவி வரட்டும். ஆனா அந்தப் பை போகணும்."

சும்மா சீண்டுவதற்குத்தான் சொன்னேன். பத்து நாள் சண்டை போடுவார், அதற்குள் டிவி ஆசையும் ஆறிப்போகும் என்று என் கணக்கு. இவர் "சரி" என்றார். ஒரே சொல். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

புனேயில் இருக்கும் எங்கள் பெண், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பழைய சாமான் விற்கிற இணையதளத்தில் விளம்பரம் போட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரம் தொலைபேசி என் பொறுப்பு. ஒருவர் ஒரே ஒரு மட்டை மட்டும் தருவீர்களா என்று கேட்டார். காலை நடைப்பயிற்சியில் நாய் துரத்துகிறதாம். அடையாறிலிருந்து ஒரு இளைஞர் நேரிலேயே வந்தார். புதிதாகக் கற்றுக்கொள்கிறாராம், ரொம்ப ஆசையாக வந்திருந்தார். பையிலிருந்து ஒன்றை உருவி, ஹாலின் நடுவில் நின்று ஓங்கினார். நான் ஷோகேஸைக் காப்பாற்ற முன்னால் பாய்ந்தேன். இரண்டு தடவை ஓங்கிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பிடிக்கவே வரலையே, மட்டை திரும்பி இருக்கே?" என்றார். சோபாவில் இருந்த இவர், "நீங்க இடது கையா?" என்று கேட்டார். ஆமாம். எங்களுடையது வலது கைக்காரர் மட்டைகள். இடது கைக்குத் தனியாகச் செய்வார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காபி குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் இவர், "விளம்பரத்தை எடுத்துடச் சொல்லு. என் கேடிக்கே குடுத்துடறேன்" என்றார்.

மைதானத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற ஆளுக்கு கேடி என்று பெயர். இவருடைய கேடி சைதாப்பேட்டைக்காரர், ஐம்பது வயது இருக்கும், பதினெட்டு வருஷமாக இவரோடு நடந்தவர். தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்கு வருவார், என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். கேடிகளும் ஆடுவார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு வழக்கம். அவரிடம் சொந்தமாக ஐந்தாறு மட்டைதான் இருந்தது, மிச்சத்துக்கு இரவல்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே வந்துவிட்டார். இவர் முடிவெட்டிக்கொள்ள லஸ் பக்கம் போயிருந்தார். உட்காரவைத்து காபி கொடுத்தேன். பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐயாவுக்கு கண்ணு இப்ப எப்டி கீதும்மா? ஆபரேசன் பண்ணிக்கினாரா?"

"யாருக்குக் கண்ணு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "உங்களுக்குத் தெரியாதா? உளறிட்டேனா நானு?"

"உளறினது உளறியாச்சு. மிச்சத்தையும் சொல்லிடுங்கோ."

தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "ரெண்டு வருசமா அவருக்குப் பந்து தெரியலம்மா. மொதல்ல தூரத்துல தெரியல, அப்பால கிட்டயும் தெரியல. அடிப்பாரு, அப்டியே நிப்பாரு. தலைய என் பக்கம் திருப்ப மாட்டாரு. நான் பையத் தூக்கிக்கினே மொள்ளமா சொல்லுவேன். வேலி ஓரம், மரத்துக்கு இந்தாண்ட. அவ்ளோதான். 'சரி, அங்கேர்ந்து ஆடிக்கலாம்'னுவாரு. நடப்போம்."

"குழியில போடணுமே, அதுக்கு?"

"கொடிக் கம்பத்தப் புடிச்சிக்கினு நிப்பேன். நகத்தால ரெண்டு தட்டு. சத்தத்த வச்சித் தள்ளுவாரு. அப்பவும் என்னிய விட நல்லாத் தள்ளுவாரும்மா."

"கூட ஆடறவாளுக்கு?"

"தெரியாமப் பாத்துக்கினோம். கடசி நாளு நான் போவல. மச்சான் பொண்ணு கல்யாணம். வேற ஆளு பை தூக்கினான். அவனுக்கு இன்னா தெரியும்? ஐயா இன்னொருத்தர் பந்த அடிச்சிட்டாரு. அதுக்கு தண்டம் உண்டு, ரெண்டு அடி சேத்துப்பாங்க. தண்டம் பெருசில்ல. எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம். அன்னிலேர்ந்து வரல." பையைப் பார்த்துக்கொண்டு, "நான் போயிருக்கணும்" என்றார்.

 அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். "தப்பான இடத்துல விழுந்துதுன்னா எப்படிச் சொல்வேள்?"

"நல்லாப் போச்சா கெட்டுச்சான்னு நாம சொல்லக் கூடாதும்மா. அது அடிச்ச கைக்கே தெரிஞ்சிரும். பந்து எங்க கீதோ அத்த மட்டும் சொல்லணும். எங்க தொழில்ல மொதப் பாடம் அதான்."

தான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். தலையாட்டினேன்.

இவர் வந்தார். குளித்துவிட்டு, பையிலிருந்து ஒவ்வொரு மட்டையாக எடுத்து அவரிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் கட்டைவிரலால் தடவி, "ஏழு" என்றார், "ஒன்பது" என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்திருந்தால், பிரிய மனசில்லாமல் தடவிக்கொடுக்கிறார் என்று கேலி செய்திருப்பேன். அடியில் செதுக்கியிருந்த எண்ணை விரலால் படித்துக்கொண்டிருந்தார். விலை என்று அவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அது என் காதில் ஏறவில்லை.

அடுத்த மூன்று நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தது எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒரு சாதனை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அது ஒன்று. கோபம், அது இன்னொன்று. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதது பை தூக்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோபம் அடங்கினதும் அதற்கடியில் வெட்கம் இருந்தது. இவர் டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு காபி ஊற்றுவதைப் பார்த்தேன். எத்தனை நாளாக அப்படி? பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார், பக்கமே திரும்பாது. என்னோடு பேசும்போது காக்காய் மாதிரி தலையைச் சாய்த்து ஒரு பார்வை. அது என் பேச்சின் மேல் அலட்சியம் என்று இரண்டு வருஷமாக நினைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். நாளெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற எனக்கு இது ஒன்று கண்ணில் படவில்லை.

ஏன் ஒளித்தார் என்பது மட்டும் யோசிக்காமலே புரிந்தது. இவருடைய அண்ணாவுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆனாலும் பார்வை போய்விட்டது. ஆபரேஷனால்தான் போயிற்று என்று இவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து கண் டாக்டர் என்றால் இவருக்கு எமன்.

சனிக்கிழமை காலை ஆட்டோ பிடித்துத் தி.நகர் போனோம். உஸ்மான் ரோட்டில் கூட்டம் சேர்வதற்குள் கடைக்குள் நுழைந்துவிட்டோம். இரண்டாவது மாடியில் ஒரு சுவர் முழுக்க டிவி. இருபது முப்பது இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் நீந்திக்கொண்டிருந்தது. விற்பனைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. "வாங்க சார், என்ன சைஸ் பாக்கீங்க?" என்று வந்தார்.

"பெரிசு. பளிச்சுனு தெரியணும்" என்றார் இவர்.

முதல் டிவிக்கு முன்னால் போய் நின்றார். தலையைச் சாய்த்தார். "நடுவுல அழுக்கா இருக்கே."

விற்பனைக்காரர் துணியால் துடைத்தார். இவர் மறுபடி பார்த்தார், அடுத்ததற்கு நகர்ந்தார். "இதுலயும் இருக்கே?" அதையும் துடைத்தார். மூன்றாவது, கடையிலேயே விலை கூடினது, நேற்றுத்தான் பெட்டியைப் பிரித்தார்களாம். அதன் முன்னால் ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்று இவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அழுக்கு என்று சொல்லவில்லை. நாலாவதைப் பார்த்தார். ஐந்தாவதைப் பார்த்தார். பிறகு சுவர் முழுவதையும், ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாகப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மேஜையின் விளிம்பைக் கை தேடியது.

"சார், துடைச்சதுல ஒரு பொட்டு தூசி இல்ல சார், நீங்களே பாருங்க" என்றார் விற்பனைக்காரர், பாவம்.

"தம்பி, ஒரு பத்து நிமிஷம் நாங்க உக்காந்துண்டு யோசிக்கறோம்" என்றேன். அங்கே டிவி பார்த்துப் பழகுவதற்காகவே ஒரு சோபா போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். எதிரே அத்தனை மீன்களும் ஒன்றாகத் திரும்பின.

"எல்லாத்துலயும் இருக்கு" என்றார் இவர்.

"ம்."

"பந்து சின்னது, அதான் தெரியலைன்னு நெனச்சேன். டிவி பெரிசா இருந்தா சரியாயிடும்னு... நெஜமாவே நம்பினேன்." பிறகு, "அவன் சொன்னானா?" என்றார்.

"ஏன், எனக்குக் கண் இல்லையா?" என்றேன். சொல்லி முடிக்குமுன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர்தான் முதலில் சிரித்தார். "ரெண்டு பாட்டில் தைலம் தேய்ச்சுண்டேன் உன்கிட்ட" என்றார்.

"அதுக்குத் தனியா விசாரணை உண்டு."

திட்டுவதற்கு மூன்று நாளாக நான் சேர்த்துவைத்தது தொண்டை வரை இருந்தது. இப்படி மறைப்பார்களா, இரண்டு வருஷம் வீணாகிவிட்டதே, ஆட்டமா பெரிது கண்ணா பெரிது. ஒவ்வொன்றும் நியாயமானது. எல்லாம் இவருக்கே தெரிந்தது. அடித்த கைக்குத் தெரியாதா என்று சைதாப்பேட்டைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அதையெல்லாம் முழுங்கிவிட்டு ஒன்று மட்டும் கேட்டேன்.

"இப்போ என்னைப் பாருங்கோ. என்ன தெரியறது?"

திரும்பினார். சாய்க்காமல் நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தோடு தெரியறது. ரெண்டும். தலை நரைச்சது தெரியறது." நிறுத்தினார். "மூஞ்சி இருக்கற இடத்துல ஒண்ணும் இல்ல."

கடையில் உட்கார்ந்துகொண்டு அழுவேன் என்று நான் நினைத்ததில்லை. அழுதேன். விற்பனைக்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, விலையைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்திருப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தள்ளுபடி பேசிக்கிடலாம்மா" என்றார்.

திங்கட்கிழமை அடையாறில் கண் டாக்டரிடம் போனோம். இவர் என் கையை விடவில்லை, உள்ளே போகிறவரை அண்ணா, அண்ணா என்றுதான் பேச்சு. விழித்திரையின் நடுப்பகுதியில் கசிவு, வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது, திரும்பாது. இடது கண்ணில் பாதி போயிருக்கிறது. மாதம் ஒரு ஊசி போட்டால் மிச்சத்தை நிறுத்திவைக்கலாம், நிற்குமா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மாள். கண்ணிலேயே ஊசி. முதல் ஊசி அன்று வெளியில் உட்கார்ந்திருந்த நான்தான் மயங்கிச் சரிந்தேன். இவர் ஒரு கண்ணில் கட்டோடு வந்து எனக்கு ஜூஸ் வாங்கிக்கொடுத்தார்.

டிவி வாங்கினோம். அதே கடை, அதே திருநெல்வேலிக்காரர், சொன்னபடி தள்ளுபடியும் கொடுத்தார். பெரியதாக வாங்கி, மூன்றடி தூரத்தில் நாற்காலியைப் போட்டுக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். பை நின்ற ஜன்னலோரம் இப்போது அந்த நாற்காலி இருக்கிறது. ஒன்று போய் ஒன்று வந்தது, சட்டப்படி எல்லாம் சரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு நாட்டில் நடக்கிற கோல்ஃப் போட்டியை வைத்தார். ஆகாயத்தில் அந்தப் பந்து எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒருவன் அடித்தான். இவர் தலையைத் திருப்பாமல் திரையைப் பார்த்தபடி இருந்தார். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த நான், "ஐயையோ, போச்சு, கடன்காரன் மண்ணுல போட்டுட்டான்" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"மண்ணுலன்னா. மோசமான எடம்."

"மோசமா இல்லையான்னு நான் சொல்லிக்கறேன். நீ பக்கத்தைச் சொல்லு."

முறத்தைக் கீழே வைத்தேன். "இடது பக்கம். கொடிக்கு இந்தாண்டை. பத்தடி இருக்கும்."

"ம்" என்றார், திருப்தியாக. அன்றிலிருந்து ஞாயிறு தோறும் இதுதான் எனக்கு வேலை. என் வாய்க்கு இது பெரிய தண்டனை. நடுவில் எத்தனையோ தடவை தவறியிருக்கிறேன். சைதாப்பேட்டைக்காரர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "ஒரு வருசத்துல தேறிடுவீங்க" என்றார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இடது கண்ணில் அந்த மிச்சப் பாதி நிற்குமா போகுமா என்பது இதில்தான் தெரியும். டாக்டர் எழுதின குறிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை என் போனுக்கு வந்தது. இவர் நாற்காலியில் இருந்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. போன் ஒலித்ததைக் கேட்டு ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். படிக்க முடியாது, நான்தான் படிக்க வேண்டும். ஒரு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ஐயையோ என்று வாய் வரை வந்துவிட்டது.

"எங்க இருக்கு?" என்றார் இவர், தலையைத் திருப்பாமல்.

"வலதுல இன்னும் கொஞ்சம் பரவியிருக்கு" என்றேன். "இடது, போன தடவை இருந்த எடத்துலயே இருக்கு. நகரலை."

இவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, என் முகம் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று தேடிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சரி, அங்கேர்ந்து ஆடிக்கலாம்."